பால்குடிப் பிள்ளைக்கு என்ன பாவம்?

கேள்வி கேட்டிருப்பவர் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கப் பெண். சைவக் குடும்பத்தில் மணம் முடித்தவர். அடுத்த மாதம் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று வீட்டில் சொன்னபோது மாமனார் கேட்டாராம்: "முகம் பார்த்துச் சிரிக்கவே இன்னும் பழகாத பிள்ளை. அது என்ன பாவம் செய்தது என்று கழுவப் போகிறீர்கள்?" தங்கையிடம் பதில் இருக்கவில்லை. அதனால் மூன்று கேள்விகளை அனுப்பியிருக்கிறார். மனிதன் பிறவியிலேயே கெட்டவன் என்றுதான் கிறிஸ்தவம் சொல்கிறதா? எல்லாச் சபைகளும் ஒன்றையே சொல்கின்றனவா? சைவரான கணவரின் தம்பி ஞானத்தந்தையாக, அதாவது ஞானஸ்நானத்தில் பிள்ளையின் விசுவாச வாழ்வுக்குப் பொறுப்பேற்பவராக, நிற்கலாமா?

நான் பாடசாலையில் கிறிஸ்தவ சமயம் படிப்பித்தவன். தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவன். ஆகவே கத்தோலிக்கப் போதனையை அவர்கள் சொல்கிறபடி சொல்லிவிட்டு, என் அபிப்பிராயத்தை என் அபிப்பிராயமாகவே சொல்கிறேன்.

மாமனாரின் கேள்விக்கு நேரான பதில்: பிள்ளை ஒரு பாவமும் செய்யவில்லை. அவர் மனம் நோகக்கூடாது என்பதற்காகச் சொல்லும் சமாளிப்பு அல்ல இது. முதல் மனிதன் ஆதாம் கடவுளின் கட்டளையை மீறியதால் மனிதகுலத்துக்கு வந்ததை ஆதிப்பாவம் என்பார்கள். 1992இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூலே, ஆதிப்பாவம் என்பது ஒருவர் செய்த செயலைக் குறிப்பதல்ல, ஒரு நிலையைக் குறிப்பது என்று சொல்கிறது. ஆதாமின் வழிவந்த எவரிடத்திலும் அது சொந்தக் குற்றத்தின் தன்மை உடையதல்ல என்றும் சேர்த்துச் சொல்கிறது. ஊரில் 'ஜென்மப் பாவம்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். அதனால் பிள்ளை பிறக்கும்போதே ஏதோ ஒரு குற்றப்பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு வருவதுபோல ஓர் எண்ணம் பரவிவிட்டது. ஞாயிறு மறைப்பாடசாலையில் அவசரமாகச் சொல்லிக் கொடுத்தவர்களுக்கும் அதில் பங்குண்டு.

அப்படியானால் அது என்ன நிலை? அதற்கு ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்திலிருந்து வரவேண்டும். பலர் மூன்றாம் அதிகாரத்திலிருந்து, பாம்பும் பழமுமாகத் தொடங்குகிறார்கள். கோணல் அங்கேயே ஆரம்பிக்கிறது. முதல் அதிகாரத்தில் கடவுள் மனிதனைத் தம்முடைய சாயலாகப் படைக்கிறார். ஆணும் பெண்ணுமாகப் படைக்கிறார். தாம் உண்டாக்கிய எல்லாவற்றையும் பார்த்து மிகவும் நன்றாயிருந்தது என்று காண்கிறார். கிறிஸ்தவம் மனிதனைப் பற்றிச் சொல்லும் முதல் வார்த்தை இது. பாவம் பின்னர் வந்தது. வந்தது என்பதாலேயே அது இயல்பாகிவிடாது. மனித உடம்பும், பசியும், ஆண் பெண் உறவும், பிள்ளைப்பேறும் நல்லவை. தீமை அவற்றின் மேல் விழுந்த காயம்.

அந்தக் காயத்தை எப்படி விளங்கிக்கொள்வது என்பதில்தான் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சண்டை நடக்கிறது. சண்டையின் நடுவில் நிற்பவர் புனித அகுஸ்தீனார். 354இல் வட ஆபிரிக்காவில் பிறந்து, ஹிப்போ நகரத்தின் ஆயராக இருந்து, 430இல் இறந்தவர். தம் பதினாறாவது வயதில் நடந்த ஒன்றை அவர் தம் வாழ்க்கையைச் சொல்லும் நூலில் எழுதிவைத்திருக்கிறார். கூட்டாளிகளோடு இரவில் போய் அயல் வீட்டுப் பேரி மரத்தை உலுப்பிக் காய்களை வாரிக்கொண்டு வந்தார்கள். பசியில்லை. அதைவிட நல்ல பழம் அவருடைய வீட்டிலேயே இருந்தது. கொண்டுவந்ததைப் பன்றிகளுக்கு எறிந்துவிட்டார்கள். ஏன் செய்தேன் என்று பல பக்கங்களுக்குத் தம்மையே குறுக்கு விசாரணை செய்கிறார். கடைசியில் அவருக்குக் கிடைக்கும் பதில் இரண்டு: செய்யக்கூடாது என்பதே அதில் இருந்த ருசி; தனியாக இருந்திருந்தால் செய்திருக்கமாட்டேன். அடுத்த வளவு மாங்காய்க்குக் கல்லெறிந்த எவருக்கும் இது விளங்கும்.

அதே நூலில் இன்னொரு காட்சியும் உண்டு. இன்னும் பேச்சு வராத ஒரு குழந்தை, தன்னோடு அதே மார்பில் பால் குடிக்கும் இன்னொரு குழந்தையை முகம் வெளிறிக் கசப்போடு பார்க்கிறது. பால் தாராளமாக இருக்கிறது. ஆனாலும் பங்கு போடப் பிடிக்கவில்லை. குழந்தைகள் களங்கமற்றவர்கள் என்றால் அவர்களுடைய கைகால்களின் பலவீனத்தால்தான், மனத்தினால் அல்ல என்று அகுஸ்தீனார் எழுதுகிறார். எனக்கு இந்த இடத்தில் அவரோடு முழு உடன்பாடு இல்லை. பசிக்கிற சிசுவின் பொறாமையைப் பாவத்தின் அடையாளமாகக் காட்டுவது கொஞ்சம் கடுமை. ஆனால் அவர் கண்ணால் கண்டதைத்தான் எழுதினார்.

எதிர்ப்பக்கத்தில் நின்றவர் பெலாஜியுஸ். பிரித்தானியத் தீவிலிருந்து உரோமைக்கு வந்த துறவி. கெட்ட மனிதர் அல்ல; மிகவும் ஒழுக்கமானவர். உரோமைக் கிறிஸ்தவர்கள் "நாங்கள் பலவீனர்கள், என்ன செய்வது" என்று சாட்டுச் சொல்லிக்கொண்டு விரும்பியபடி வாழ்வதைக் கண்டு கொதித்தவர். கடவுள் ஒரு கட்டளையைக் கொடுத்தால் அதைச் செய்யும் ஆற்றலையும் கொடுத்தே இருப்பார், ஆதாமின் பிழை ஆதாமோடு போயிற்று, நமக்கு அது கெட்ட முன்மாதிரி மட்டுமே என்பது அவர் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எசேக்கியேல் பதினெட்டாம் அதிகாரமே, "குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை" என்று சொல்கிறதே!

அப்படியிருந்தும் 418இல் வட ஆபிரிக்க ஆயர்கள் கூடிய கார்த்தேஜ் சங்கம் பெலாஜியுஸின் கொள்கையைத் தள்ளியது. காரணத்தை விளங்கிக்கொள்ள, அவருடைய கொள்கை ஒரு சாதாரண மனிதனை எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்க்க வேண்டும். முயன்றால் முடியும் என்றால், முடியாதவன் முயலாதவன் என்றாகிவிடும். குடியை விட நினைத்து ஏழெட்டுத் தரம் தோற்றவனுக்கு அந்தச் சபையில் இடமில்லை. "நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்" என்று உரோமருக்கு எழுதிய கடிதத்தின் ஏழாம் அதிகாரத்தில் சொன்ன பவுலுக்கே இடமிருக்காது. அகுஸ்தீனாரின் போதனை இருண்டதாகத் தோன்றினாலும் தோற்றவன் பக்கத்தில் நிற்பது அதுதான். பெலாஜியுஸின் வெளிச்சம் திறமைசாலிகளுக்கு மட்டுமே சுகமானது.

ஆனால் அகுஸ்தீனார் அங்கேயே நின்றிருக்கலாம். அவர் நிற்கவில்லை. ஆதாமிடமிருந்து நமக்கு வருவது பலவீனமும் மரணமும் மட்டுமல்ல, குற்றமும்தான் என்றார். எல்லா மனிதரும் ஆதாமுக்குள் இருந்தார்கள். ஆகவே அவனில் எல்லாரும் பாவம் செய்தார்கள் என்றார். அது உடலுறவின் இச்சை வழியாகத் தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்படுகிறது என்றும் எழுதினார். அதிலிருந்து தர்க்கம் அவரைத் தள்ளிக்கொண்டு போய், ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் சிசுவும் தண்டனைக்கு உள்ளாகும், மிக மிக இலேசான தண்டனையாக இருந்தாலும் தண்டனைதான் என்று சொல்லவைத்தது. மாமனார் கொதிப்பது இந்த அகுஸ்தீனாரைப் பார்த்துத்தான். அவர் தனியாகக் கொதிக்கவில்லை. எக்லானும் நகரத்து ஆயர் ஜூலியான் அகுஸ்தீனாரின் காலத்திலேயே இதே கேள்வியைக் கேட்டார்: பால்குடிப் பிள்ளைகளைத் துன்புறுத்தும் கடவுள் என்ன கடவுள்?

கிழக்குத் திருச்சபைகள் அந்த வழியில் போகவே இல்லை. கொன்ஸ்தாந்திநோப்பிளின் ஆயராக இருந்து 407இல் இறந்த புனித யோவான் கிறிசோஸ்தோம், "குழந்தைகளிடம் பாவங்கள் இல்லாவிட்டாலும் நாம் அவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறோம்" என்ற கருத்துப்படப் பிரசங்கித்தார். பிள்ளை கடவுளின் வீட்டுப் பிள்ளையாகிறது, கிறிஸ்துவின் உடன்பிறப்பாகிறது, தூய ஆவியானவரின் ஆலயமாகிறது என்பதே அங்கு முதன்மை. ஆதாமிடமிருந்து நமக்கு வந்தது சாவும் சாவுப் பயமும். அந்தப் பயத்தினால் மனிதன் தன்னைக் காப்பாற்றப் பாவம் செய்கிறான் என்று இன்றுவரை ஓர்த்தடொக்ஸ் சபையினர் விளக்குகிறார்கள். அதற்கும் முந்திய இரண்டாம் நூற்றாண்டு ஆயர் இரேனேயுஸ், ஆதாமையும் ஏவாளையும் முதிராத பிள்ளைகளாகவே பார்த்தார். வளர்ந்து முடியுமுன் வழி தவறியவர்கள். எனக்கு இவரைப் பிடிக்கும்.

மேற்கில் அகுஸ்தீனாரின் கடுமையைத் தணிக்க வேண்டிய நிலை வந்தது. இறந்த சிசுக்களுக்குத் துன்பமில்லாத, ஆனால் கடவுளின் நேர்முகக் காட்சியும் இல்லாத ஓர் இடம் உண்டு என்று மத்திய கால அறிஞர்கள் கருதினார்கள். லிம்போ என்பது அதன் பெயர். அது ஒருபோதும் கட்டாய விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்பட்டதில்லை. ஆனாலும் சாமானிய மக்கள் அதை வேதம்போல நம்பினார்கள். பிறந்து சில மணிநேரத்தில் இறந்துவிட்ட பிள்ளையின் தாய்மார் பட்டபாடு சொல்லி முடியாது. சாவு ஆபத்தில் குருவானவர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மருத்துவிச்சி உட்பட யாரும், திருச்சபை நினைப்பதைச் செய்யும் எண்ணத்தோடு, தண்ணீர் ஊற்றிப் பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்ற சட்டம் இன்றும் உண்டு. கொடுப்பவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மாமனாருக்கு இது வியப்பாக இருக்கும்: அவசரம் என்று வந்தால் அவரே தம் பேரப்பிள்ளைக்கு அதைச் செய்யலாம். 2007இல் வத்திக்கானின் அனைத்துலக இறையியல் ஆணையம், ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைகளும் மீட்படைவார்கள் என்று நம்புவதற்குப் பலமான காரணங்கள் உண்டு என்று ஓர் ஆவணத்தில் எழுதியது. நம்பிக்கை என்றுதான் எழுதினார்கள். நிச்சயம் என்று எழுதவில்லை. அகுஸ்தீனாரின் நிலைப்பாட்டிலிருந்து அது வெகு தூரம்.

இரண்டாம் கேள்வியின் எஞ்சிய பாதிக்கு வருகிறேன். 1546இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்துப் பொதுச்சங்கம், ஞானஸ்நானத்தில் ஆதிப்பாவம் நீங்குகிறது, ஆனால் தீமையின் பக்கம் சாய்கிற இச்சை எஞ்சி நிற்கிறது, அந்தச் சாய்வு தன்னளவில் பாவமல்ல என்று தீர்த்தது. கத்தோலிக்கத்திலிருந்து பிரிந்த சீர்திருத்தச் சபைகளில் லூத்தர் வழியினர் அந்தச் சாய்வே பாவம்தான் என்றார்கள்; விசுவாசி ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியும் ஆவான் என்பது அவர்கள் வாக்கு. கல்வின் வழியினர் 'முழுச் சீர்கேடு' என்றார்கள். இந்தச் சொல்லைக் கேட்டுப் பலர் மிரளுகிறார்கள். மனிதன் எவ்வளவு கெட முடியுமோ அவ்வளவு கெட்டுவிட்டான் என்பது இதன் பொருளல்ல. மனிதனில் கெடாமல் தப்பிய பகுதி எதுவும் இல்லை, அறிவும்கூடத் தப்பவில்லை என்பதே பொருள். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கொண்டுவந்தது இந்தக் கல்வினியச் சமயந்தான். ஞானஸ்நானப் பதிவு இல்லாவிட்டால் உத்தியோகம் கிடைக்காது என்று ஆக்கியதால், ஆதிப்பாவத்தைப் பற்றி ஒன்றும் விளங்காமலே தலை நனைத்தவர்கள் அக்காலத்தில் ஏராளம்.

மெதடிஸ்த சபையாரிடம் ஒரு சிறிய, அழகான வேறுபாடு இருக்கிறது. இங்கிலாந்துத் திருச்சபையான அங்கிலிக்கன் சபையின் 39 பிரமாணங்களில் ஒன்பதாவது ஆதிப்பாவத்தைப் பற்றியது. பிறக்கும் ஒவ்வொருவரிலும் இருக்கும் அந்தச் சீர்கேடு கடவுளின் கோபத்துக்கும் தண்டனைத் தீர்ப்புக்கும் உரியது என்று அதில் ஒரு வரி வரும். 1784இல் மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி அமெரிக்க மெதடிஸ்தருக்காக அந்தப் பிரமாணங்களைச் சுருக்கியபோது, ஆதிப்பாவத்தை அப்படியே வைத்துக்கொண்டு இந்தக் கோப வரியை வெட்டிவிட்டார். வெஸ்லி ஆதிப்பாவத்தை இலேசாக எடுத்தவரல்லர். அதைப் பற்றித் தடித்த புத்தகமே எழுதியவர். ஆனால் மனிதன் தேடத் தொடங்குமுன்பே கடவுளின் கிருபை ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது என்பது அவர் போதனை. அப்படிப் போதித்தவருக்கு அந்த வரி இடக்காக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பெந்தெகொஸ்தே சபைகளும் பப்டிஸ்டுகளும் சிசுக்களுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. பிள்ளையை ஆலயத்தில் பிரதிஷ்டை செய்து, விவரம் தெரிந்து விசுவாசித்த பின்னரே தண்ணீரில் இறக்குவார்கள். பாவசுபாவம் பிறப்பிலேயே உண்டு என்பதை அவர்களும் மறுப்பதில்லை. உங்கள் உறவினர் யாராவது அந்தச் சபைகளில் இருந்து, பிள்ளைக்குக் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது என்று நாளை சொன்னால், அது தனியான ஒரு விவாதம். ஆதிப்பாவத்தோடு அதைக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை.

இனி மாமனாருக்கு நெருக்கமான இடத்துக்கு வருவோம். அவர் கேட்டது யாழ்ப்பாணத்துக்குப் பழைய கேள்வி. 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் செமினரி தொடங்கியது. 1841இலிருந்து உதயதாரகைப் பத்திரிகை வந்தது. சைவரும் கிறிஸ்தவரும் அச்சில் மோதிக்கொண்ட காலம் அது. ஆறுமுக நாவலர் மெதடிஸ்த மிஷனரி பீற்றர் பேர்சிவலோடு இருந்து வேதாகமத்தைத் தமிழாக்கியவர். அதே நாவலர் 1854இல் கிறிஸ்தவ மிஷனரிகளின் சைவக் கண்டனத்துக்கு மறுப்பும் எழுதினார். மறுபக்கத்தில் வட்டுக்கோட்டைச் செமினரியின் அதிபராக இருந்த ஹொய்சிங்டன் சிவஞானபோதத்தை சைவ சித்தாந்தத்தின் மூல நூலாக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். இரு தரப்பும் ஒருவரை ஒருவர் நன்றாக வாசித்தே சண்டை பிடித்தார்கள். இன்றைய சண்டைகளில் அது குறைவு.

சைவ சித்தாந்தம் பிள்ளையை எப்படிப் பார்க்கிறது? ஒன்றும் எழுதப்படாத வெறும் உயிராகப் பார்ப்பதில்லை. உயிரோடு அதன் அறிவை மறைக்கும் ஆணவமலம் அநாதியாகவே ஒட்டியிருக்கிறது, செம்பில் களிம்புபோல. அதற்கு மேல், முன்வினையில் இந்தப் பிறவிக்கென்று பிரிந்து வந்த பங்கையும் அனுபவிக்கவே அது பிறக்கிறது. ஆகவே "இந்தப் பிள்ளை என்ன செய்தது" என்ற கேள்வியை மாமனாரிடமே மெதுவாகத் திருப்பிக் கேட்கலாம். அவருடைய சமயமும் பிறக்கும் பிள்ளை விடுதலை தேவைப்படும் நிலையில் பிறக்கிறது என்றே சொல்கிறது. "குலம் பொல்லேன் குணம் பொல்லேன்" என்று அப்பர் பாடும்போது, உரோமர் ஏழாம் அதிகாரத்தைப் படித்தவனுக்கு அது அந்நியக் குரலாகக் கேட்பதில்லை. தன் முயற்சியால் மட்டும் மலம் நீங்காது, அருள் வேண்டும் என்பதிலும் இரு தரப்பும் கிட்ட வருகின்றன. தென்னிந்தியத் திருச்சபை யாழ்ப்பாண ஆதீனத்தின் முதற் பேராயர் சபாபதி குலேந்திரன் அருளைப் பற்றி இரு சமயங்களையும் ஒப்பிட்டு ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார்.

ஆனால் இரண்டும் ஒன்று என்று சொல்லிச் சமாதானம் செய்துவிட்டுப் போவது இரு சமயங்களுக்கும் செய்யும் அநியாயம். சித்தாந்தத்தில் மலத்துக்குத் தொடக்கம் இல்லை. ஆகவே சிவன் அதற்குப் பொறுப்பாளியும் அல்லன். கிறிஸ்தவம் அநாதியான தீமையை ஏற்கவே முடியாது. ஏற்றால் 'மிகவும் நன்றாயிருந்தது' என்ற வசனம் பொய்யாகிவிடும். அங்கே ஒவ்வோர் உயிரும் தன் மலத்தையும் தன் வினையையும் சுமக்கிறது. இங்கே மனிதகுலம் முழுவதும் ஒரே குடும்பமாக விழுகிறது, ஒரே குடும்பமாகக் கிறிஸ்துவில் எழும்புகிறது. சித்தாந்தி திருப்பிக் கேட்பார்: எல்லாவற்றையும் நல்லதாகவே படைத்தார் என்றால் கோணல் எங்கிருந்து வந்தது? மனிதனின் சுதந்திரத்திலிருந்து என்று நாம் சொல்லுவோம். நல்லவனாகப் படைக்கப்பட்டவன் ஏன் சுதந்திரத்தைப் பிழையாகப் பயன்படுத்தினான்? பாம்பு சொன்னதால். பாம்பு அங்கே எப்படி வந்தது? ஆதியாகமம் பதில் சொல்வதில்லை. இந்த இடத்தில் சித்தாந்தத்தின் கணக்கு எங்களுடையதைவிடச் சுத்தமானது என்பதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. அவர்களுக்கு வேறு இடத்தில் சிக்கல் இருக்கிறது: பிறவிக் குருடனைப் பார்த்து இவன் முன்வினை என்று சொல்ல நேர்வது. யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் சீடர்கள் அதையேதான் கேட்கிறார்கள், இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று. இரண்டுமில்லை என்று இயேசு சொல்லிவிடுகிறார். ஆதிப்பாவத்தை ஒரு தனி மனிதனின் துன்பத்துக்குக் காரணமாகக் காட்டுகிற கிறிஸ்தவனுக்கும் அந்த அடி விழுகிறது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்க்க வேண்டும். நம் ஊரில் பிள்ளை பிறந்தால் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிப்பார்கள். ஞானஸ்நானமும் கிறிஸ்தவர்களின் துடக்குக் கழிப்பு என்று நினைப்பவர்கள் சைவரில் மட்டுமல்ல, கிறிஸ்தவரிலும் இருக்கிறார்கள். "என் தாய் என்னைப் பாவத்தில் கர்ப்பந்தரித்தாள்" என்று சங்கீதம் 51 சொல்வதை எடுத்துக்காட்டி, பிள்ளைப்பேறே அசுத்தம் என்று பிரசங்கித்தவர்களும் உண்டு. அது தாவீதின் மனஸ்தாபப் பாட்டு என்று மரபு சொல்கிறது. உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு உரியாவையும் கொல்லுவித்தவன், என் பிழை நேற்றுத் தொடங்கியதல்ல என்று கதறுகிறான். தாயைக் குற்றம்சாட்டவில்லை. தங்கையே, உங்கள் பிரசவத்தில் அசுத்தமாக எதுவும் இல்லை. திருச்சபையும் அப்படிப் போதிக்கவில்லை.

பிறப்பு என்று பேச்சு வந்தால் யாழ்ப்பாணத்தில் அடுத்த வார்த்தை என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். இன்னாருக்குப் பிறந்தவன் மேல், இன்னாருக்குப் பிறந்தவன் கீழ் என்று எழுதாத ஏடு ஒன்று இந்த மண்ணில் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அந்த ஏட்டுக்கு நேர் எதிராகத்தான் ஆதிப்பாவப் போதனை நிற்கிறது. பிறப்பினால் வரும் ஒன்று உண்டென்றால் அது எல்லாருக்கும் ஒரேயளவில் வருவது. "வித்தியாசமே இல்லை, எல்லாரும் பாவஞ்செய்து தேவமகிமையற்றவர்களாகி" என்று உரோமர் மூன்றாம் அதிகாரம் சொல்கிறது. ஞானஸ்நானத் தொட்டியில் வெள்ளாளப் பிள்ளைக்கு ஒரு தண்ணீர், மற்றப் பிள்ளைக்கு ஒரு தண்ணீர் கிடையாது. இதை விசுவாசித்த சபைகள் என்ன செய்தன? ஆராதனையில் சாதி பார்த்து இடம் ஒதுக்கின. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக வாங்கில் இருக்கலாம் என்று வந்தபோது குடாநாட்டில் எதிர்ப்புக் கிளம்பிப் பாடசாலைகளுக்குத் தீ வைத்தார்கள். அதற்குக் கிறிஸ்தவ வீடுகளிலிருந்தும் அனுதாபம் கிடைத்திருக்காது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். பிரசங்கபீடத்தில் ஆதாமின் பிள்ளைகள், கலியாணப் பேச்சில் இன்னாரின் பேரப்பிள்ளைகள். ஆதிப்பாவம் உண்டு என்பதற்குச் சபையைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டியதில்லை.

இது ஒரு தனி மனிதனின் உள்மனத்து நோய் மட்டுமல்ல என்பதை இருபதாம் நூற்றாண்டு இறையியலாளர் பலர் வற்புறுத்தினார்கள். பிள்ளை பிறக்கும்போதே ஓர் உலகத்துக்குள் பிறக்கிறது. அந்த உலகம் அதற்கு முன்பே கெட்டிருக்கிறது. இதை விளக்க யாழ்ப்பாணத்தவனுக்குப் பாடப்புத்தகம் தேவையில்லை. 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலி புனித பேதுரு ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மேல் குண்டு விழுந்தது. அதில் இறந்த பிள்ளைகள் எந்தச் சண்டையையும் தொடங்கியவர்கள் அல்லர். பிறர் செய்த பாவத்தின் பலன் செய்யாதவர் மேல் விழுகிறது என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம். ஆனால் இந்த உதாரணத்தோடு நிறுத்தினால் நாம் எப்போதும் பாதிக்கப்பட்டவர்களாக மட்டும் இருந்துவிடுவோம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைச் சில மணிநேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். தலைமுறைகளாகச் சோனகத்தெருவில் இருந்தவர்கள், கையில் கொண்டுபோக விட்ட கொஞ்சத்தோடு போனார்கள். அயலவர்களான நாம் பெரும்பாலும் பேசாமல் இருந்தோம். சிலர் பயத்தினால், சிலர் எங்களுக்கென்ன என்று, சிலர் வேறு கணக்கோடு. அடிபட்ட சனமும் அடிக்கக்கூடிய சனந்தான் என்பதை எனக்கு விளங்கவைத்த போதனை ஆதிப்பாவம். இதனால்தான் அகுஸ்தீனாரின் குற்றக் கணக்கை ஏற்காத நான் அவருடைய போதனையை முழுவதுமாக எறிந்துவிடவும் மாட்டேன்.

ஆதாம் என்று ஒருவர் உண்மையில் இருந்தாரா என்று பிள்ளைகள் கேட்பார்கள். மூன்றாம் அதிகாரம் உருவக மொழியில் எழுதப்பட்டது, ஆனால் மனித வரலாற்றின் தொடக்கத்தில் நடந்த ஒன்றைக் குறிக்கிறது என்பது கத்தோலிக்க நிலை. 1950இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் ஒரே சோடியிலிருந்தே மனிதர் வந்தார்கள் என்பதை விடக்கூடாது என்ற திசையில் எழுதினார். மனிதரின் முன்னோர் ஒரு பெரிய கூட்டமாகவே இருந்தார்கள் என்று மரபணு ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இறையியலாளர்கள் இன்னும் இதில் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். யூதர்கள் இதே அதிகாரத்தைப் படித்து ஆதிப்பாவம் என்ற கோட்பாட்டுக்கே வரவில்லை. மனிதனுக்குள் நல்ல சாய்வும் தீய சாய்வும் உண்டு, தங்கள் வேதச் சட்டமான தோரா வழியில் நடந்து தீயதை அடக்கலாம் என்பார்கள். எனக்கு இந்தக் கேள்வி தூக்கத்தைக் கெடுப்பதில்லை.

மாமனாரிடம் என்ன சொல்வது? அகுஸ்தீனாரையும் திரெந்தையும் சொல்ல வேண்டாம். பிள்ளை குற்றவாளி என்று நாங்கள் நினைக்கவில்லை என்பதை முதலில் சொல்லுங்கள்; அதுதான் அவரைக் குத்தியிருக்கிறது. பிறகு, முடிந்தால் அவரைக் கோயிலுக்கே கூட்டிக்கொண்டு போங்கள். சடங்கின் தொடக்கத்தில் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பிள்ளையின் நெற்றியில் சிலுவை வரைவார்கள். ஆதிப்பாவத்திலிருந்து விடுவிக்கும்படி ஒரு சிறு செபம் வரும். அதைக் கேட்டு அவர் முகம் சுளித்தால் மேலே சொன்னதைச் சொல்லலாம். அதன் பின் தண்ணீர், உச்சியில் பரிமள தைலம், வெள்ளை உடுப்பு, பாஸ்காத் திரியில் கொளுத்திய மெழுகுதிரி. சடங்கின் பெரும்பகுதி பிள்ளையை வரவேற்பது. கழுவுவதைவிட அணைப்பதே அதில் கூட. பார்த்தால் அவருக்கே தெரியும்.

மூன்றாம் கேள்வி. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி ஞானத்தந்தையாக நிற்பவர் ஞானஸ்நானத்துக்குப் பின் உறுதிப்பூசுதல் என்ற சடங்கையும் பெற்ற கத்தோலிக்கராகவும், சாதாரணமாகப் பதினாறு வயது நிறைந்தவராகவும் இருக்க வேண்டும். ஒருவர் நின்றாலே போதும். வேறு சபையைச் சேர்ந்த ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர் ஒரு கத்தோலிக்கரோடு சேர்ந்து சாட்சியாக நிற்கலாம். உங்கள் கணவரின் தம்பி ஞானஸ்நானம் பெறாதவர் என்பதால் அப்படியும் நிற்க முடியாது. அவரைப் பக்கத்தில் நிறுத்தவோ பிள்ளையைத் தூக்கி வரச் சொல்லவோ எந்தத் தடையும் இல்லை. ஆனால் பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கணவர் சைவராக இருப்பதாலும் ஞானஸ்நானம் தடைப்படாது. பெற்றோரில் ஒருவரின் சம்மதம் இருந்தால் சட்டத்துக்குப் போதும். இருந்தாலும் ஆயத்த வகுப்புக்குக் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழின் பிரதியும் உங்கள் திருமணப் பதிவுச் சான்றும் கேட்பார்கள். கையோடு எடுத்துச் செல்லுங்கள்.